வியாழக்கிழமைச் சம்பளம்

கொழும்பிலிருந்து போம் வந்திருக்கிறது.
நாற்பத்திரண்டு பிரதிகள்.
சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை
ஐந்து வட்டங்கள்.
மேலே தடித்த எழுத்தில் 'பணியாளர் உளநலம்'.
பேனைகள் வரவில்லை.

உவர்மலைச் சரிவில் எழும்பும் ஐந்து மாடிக்கு
நான் ஸ்டோர் பொறுப்பு.
சீமெந்துப் பை எண்ணுகிறவள்
மனங்களையும் எண்ணட்டும் என்று
எஞ்சினியர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரிக்கும் முகத்துக்கே புள்ளடி போட்டார்கள்.
தேர்தலில்கூட இந்த ஊர்
இப்படி ஒருமுகமாய் நின்றதில்லை.
'நித்திரை ஒழுங்காக வருகிறதா?'
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் நிஸ்தார்
'பகலிலயும் வருது மிஸ், அதுதான் பிரச்சினை' என்றார்.
கந்தளாய்ச் சுமனபால
வாசிக்கத் தெரியாத தமிழுக்குக் கீழே
வடிவாய்க் கையெழுத்து வைத்தான்.
சாந்து குழைக்கும் புவனலோஜினி கேட்டாள்:
'உண்மையைப் போட்டா நாளைக்கு வேலை இருக்குமோ?'
அதற்கு வட்டம் இல்லை.

பதினேழாம் ஆணியில் ஒரு ஹெல்மற்
மாசியிலிருந்து தொங்குகிறது.
தேவசகாயம். கம்பி கட்டுகிறவன்.
சாரத்திலிருந்து விழவில்லை,
எதுவும் அவன்மேல் விழவும் இல்லை.
விபத்துப் புத்தகத்தில் எழுத இடமில்லாமல்
ஒரு வெள்ளிக்கிழமை, தன் வீட்டில்,
இல்லாமல் போனான்.
முதல்நாள் பின்னேரம்
கட்டுக்கம்பி அரைச்சுருள் கொண்டுவந்து தந்தான்.
'மிச்சம் மிஸ்' என்றான்.
நிறுத்து எழுதினேன்: மூன்று கிலோ இருநூறு.
அவன் முகத்தைப் பார்த்தேனா, தெரியாது.
எடை மட்டும் நினைவிருக்கிறது.

கொழும்புக் கணக்கில்
அவன் இன்னும் வேலைக்கு வருகிறான்.
நாற்பத்திரண்டாவது போம் அவனுடையது.

கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது.
மூன்றாம் மாடியில் கம்பியைத் தொட்டால் கொப்புளம்.
மதியத்தில், பஸ் நிலையத்துப் புள்ளிமான் ஒன்று
கேற்றுக்குள் வந்து
சோற்றை லஞ்ச்சீற்றோடு சேர்த்து மெல்லும்.
அதை விரட்டும்போதுதான் இவர்கள் சிரிப்பது.
அந்த நேரம் பார்த்துப் போனேன்.
கையில் போம் இல்லை,
ஒரு வாளி தேசிக்காய்த் தண்ணீர், உப்புப் போட்டது.
கேள்வியும் ஒன்றுதான்:
'வெள்ளிக்கிழமையில என்ன?'

மான்கூட மெல்லுவதை நிறுத்தியது போலிருந்தது.

புவனலோஜினிதான் சொன்னாள்.
லோன்காரர் வருவது வெள்ளி காலை.
ஐந்து பெண்கள் ஒரு குழு.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும்
இருட்டும்வரை அவள் முற்றத்தில் இருக்க வேணும்.
சம்பளம் சனிக்கிழமை.
'அந்த ஒரு நாள்தான் மிஸ்.
அதுக்குள்ளதான் எல்லாம் நடக்குது.
தேவசகாயத்தின்ர முற்றத்தில
நானும் இருந்தனான்.'
நிஸ்தார் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.
சுமனபாலவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.
'சிக்குராதா' என்றான், தனக்குள்.

எஞ்சினியர் நல்ல மனிதர்.
ஆவணியில் ஆலோசகர் ஒருவர் வருவார் என்றார்.
வரட்டும், கதிரை போட்டு வைக்கிறேன்,
அதுவரைக்கும் சம்பளத்தை வியாழனுக்கு மாற்றுங்கோ என்றேன்.
'ஒரு நாளில என்ன வந்துடப் போகுது?'
பதினேழாம் ஆணியிலிருந்து ஹெல்மற்றை எடுத்துவந்து
அவர் மேசையில் போம்களின் மேல் வைத்தேன்,
காற்றில் பறக்காமலிருக்க.

மூன்று கிழமை. நாலு கடிதம்.
நேற்று வியாழன், நாலரைக்கு வரிசை.
நிஸ்தார் காசை மூன்று தரம் எண்ணினார்.
கடன் குறையவில்லை.
மூன்றாம் மாடியும் ஆறவில்லை.
மேலே நிழலுக்குக் கேட்ட தறப்பாள்
இன்னும் 'பரிசீலனையில்'.

இன்றைக்கு வெள்ளி.
ஏழு மணிக்கு நாற்பத்தொரு ஒப்பம்.
கட்டுக்கம்பி கேட்டு வந்த புதுப் பொடியனை
தராசுக்கு முன் நிறுத்தி
முதலில் முகத்தைப் பார்த்தேன்.
அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டான்:
'என்ன மிஸ், சாந்து ஒட்டியிருக்கா?'